வகுக்காமல் அறிந்த பகா எண்

2024 அக்டோபரில், அதுவரை அறிந்தவற்றுள் எல்லாம் பெரிய பகா எண் (1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்) கண்டுபிடிக்கப்பட்ட செய்தி வெளியானபோது, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் புலன (வாட்ஸ்அப்) குழுக்களிலும் அது சுற்றி வந்தது. 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்னும் அந்த எண்ணுக்கு 41,024,320 இலக்கங்கள். எனக்கு வந்துசேர்ந்த பகிர்வுகள் அனைத்தும் அந்த நீளத்தையே வியந்தன. அவ்வளவு நீண்ட எண்ணுக்குக் காரணியே இல்லை என்பது எவ்வாறு தெரியவந்தது என்பதை ஒன்றுகூடத் தொடவில்லை. நீளம் வியப்புக்குரியதே அன்று. எத்தனை இலக்கம் வேண்டுமானாலும் வரிசையாக எழுதிவிடலாம். எழுதியது பகா எண் என்று அடித்துச் சொல்வதுதான் அரிது. வியக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ கைதட்டுகிறோம் என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

எங்கள் ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒருவர்தான். என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் நான்காம் படிவ மாணவன் ஒருவனின் தாத்தா அவர். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட காலம் வரையில் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக, இருந்தவர். தொழிலாளர் சம்பளப் பதிவேடான செக்ரோலைக் கையாலேயே கூட்டி, கையாலேயே சரிபார்த்துப் பழகியவர். பேரனை அழைத்துப்போக வந்த இடத்தில், “எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்த்தார்களா டீச்சர்? வகுத்துப் பார்க்காமல் வகுபடாது என்று எப்படிக் கையெழுத்துப் போட்டார்கள்?” என்று கேட்டார். கணினி பார்த்துக்கொள்கிறது ஐயா என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அது விடையாகாது. கணினியும் வகுத்துப் பார்க்கவில்லை; வகுத்துப் பார்க்க அதற்கும் காலம் போதாது. அதனால் கணினியே இல்லாத காலத்தில், ஒரு மனிதர் கையால் கணக்கிட்டுப் பகா எண் என்று நிறுவிய ஓர் எண்ணை எடுத்துக்கொண்டேன்.

கையால் எட்டிய எல்லை

அந்த எண் 2¹²⁷ − 1. விரித்து எழுதினால் 170,141,183,460,469,231,731,687,303,715,884,105,727; மொத்தம் 39 இலக்கங்கள். இரும முறையில் எழுதினால் 127 ஒன்றுகள் வரிசையாக நிற்கும், பூஜ்யம் ஒன்றுகூட இராது. இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துக் கிடைக்கும் இத்தகைய எண்களுள் எவை பகா எண்கள் என்று பிரெஞ்சுத் துறவி மெர்சேன் 1644இல் ஒரு பட்டியல் தந்தார். 257 வரையிலான அடுக்குகளுக்கு அவர் சொன்னவற்றில் 67, 257 ஆகிய இரண்டும் தவறு. 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டுப்போயின. 127 சரியாகவே இருந்தது. ஆனால் அது சரி என்று நிறுவ 1876 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிறுவியவர் எதுவார் லூக்காஸ். மூன்று முளைகளில் வட்டுகளை மாற்றி அடுக்கும் ஹனோய் கோபுரப் புதிரை 1883இல் வெளியிட்டவரும் இவரே. அந்தப் புதிரில் 127 வட்டுகளை வைத்து ஆடினால் தேவைப்படும் குறைந்த நகர்வுகளின் எண்ணிக்கையும் இதே 2¹²⁷ − 1தான். 1951ஆம் ஆண்டு வரையில், முழுதாக முக்கால் நூற்றாண்டுக் காலம், மனிதர் அறிந்த மிகப் பெரிய பகா எண்ணாக இது இருந்தது. அந்த ஆண்டு ஃபெரியே என்பவர் மேசைக் கணக்கிடும் பொறியின் உதவியோடு 44 இலக்கப் பகா எண்ணைக் கண்டார். அதே ஆண்டிலேயே கேம்பிரிட்ஜின் கணினியும் களத்தில் இறங்கிவிட்டது. பொறி எதுவுமின்றி எட்டப்பட்ட எல்லை என்ற பெருமை இன்றும் லூக்காஸின் எண்ணுக்கே உரியது.

முதலில் பெரியவர் கேட்ட வழியிலேயே போய்ப் பார்த்தோம். ஓர் எண் பகா எண்ணா என்று அறிய, அதன் வர்க்கமூலம் வரையிலான பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இங்கே வர்க்கமூலமே ஏறத்தாழ 1.3 × 10¹⁹. இதில் பெரும்பகுதியைக் கழித்துவிடலாம். இந்த எண்ணுக்குக் காரணி ஒன்று இருக்குமானால், அக்காரணியால் வகுத்து மீதம் எடுக்கும் கணக்கில் இரண்டின் அடுக்குகள் 127 அடிகளில் 1க்குத் திரும்பும். 127 பகா எண் என்பதால் அதற்கு முன்னரே திரும்ப வழியில்லை. பகா எண்ணொன்றைக் கொண்டு மீதம் எடுக்கும்போது, அதைவிட ஒன்று குறைவான அடிகளில் அடுக்குகள் 1க்குத் திரும்பியே தீரும் என்பது ஃபெர்மாவின் தேற்றம். ஆகவே காரணியில் ஒன்றைக் கழித்தால் அது 127ஆல் வகுபட வேண்டும். காரணி ஒற்றைப்படை என்பதால் 254ஆலும் வகுபட வேண்டும். சிறிய அளவில் இதைக் கண்ணால் காணலாம்: 2¹¹ − 1 என்பது 2047, அது 23 × 89, இரண்டிலும் ஒன்றைக் கழித்தால் 22, 88, இரண்டும் 22ஆல் வகுபடுகின்றன. இதோடு, காரணியை 8ஆல் வகுத்தால் மீதம் 1 அல்லது 7 ஆகவே இருக்க வேண்டும் என்ற இன்னொரு விதியும் உண்டு. இரண்டு விதிகளையும் வைத்து வடிகட்டிய பிறகும் ஏறத்தாழ 2.6 × 10¹⁶ எண்கள் எஞ்சும். நொடிக்கு ஒன்று என்று இரவு பகலாக வகுத்தாலும் சுமார் 80 கோடி ஆண்டுகள் ஆகும். பெரியவர் தாளைப் பார்த்துவிட்டு, “அப்படியென்றால் அவர் வகுக்கவில்லை” என்றார்.

கிராணியின் ஒன்பது

லூக்காஸின் சோதனையை 2⁷ − 1, அதாவது 127 என்ற சிறிய எண்ணில் செய்துகாட்டினேன். 3இல் தொடங்க வேண்டும். வர்க்கம் எடுத்து 2ஐக் கழிக்க வேண்டும். விடை 127ஐவிடப் பெரிதானால் 127ஆல் வகுத்த மீதத்தை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கு 7 என்பதால் அதைவிட இரண்டு குறைவாக ஐந்து முறை இப்படிச் செய்து, முடிவில் பூஜ்யம் வந்தால் அது பகா எண். (அடுக்கை 4ஆல் வகுத்தால் மீதம் 3 வரும் இடங்களில் 3இலிருந்து தொடங்கலாம்; 7, 11, 67, 127 எல்லாம் அந்த வகை. எல்லா ஒற்றைப்படைப் பகா அடுக்குகளுக்கும் பொருந்தும்படி 4இலிருந்து தொடங்கும் வடிவத்தை லெமர் என்பவர் 1930இல் தந்தார்.) 3இன் வர்க்கம் 9, இரண்டு போனால் 7. 7இலிருந்து 47. 47இன் வர்க்கம் 2209. இரண்டு போனால் 2207. இந்த இடத்தில் பேரன் வகுப்பதற்குப் பேனாவை எடுத்தான். வகுக்க வேண்டாம் என்றேன். 2207இல் 128 எத்தனை என்று பார்த்தால் 17, மிச்சம் 31. பதினேழையும் முப்பத்தொன்றையும் கூட்டினால் 48. அதுதான் 127ஆல் வகுத்த மீதம்.

பெரியவர் தாளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். “இது ஒன்பதைத் தள்ளுகிற கணக்கு அல்லவா?” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. பெருக்கலைச் சரிபார்க்க அந்தக் காலத்துக் கணக்கர்கள் இலக்கங்களைக் கூட்டி ஒன்பதைத் தள்ளிக்கொண்டே போவார்கள். 347ஐ 28ஆல் பெருக்கினால் 9716. 347இன் இலக்கங்களைக் கூட்டினால் 14, மீண்டும் கூட்டினால் 5. 28க்கு 10, பிறகு 1. ஐந்தை ஒன்றால் பெருக்கினால் 5. 9716க்கு 23, பிறகு 5. சரியாக இருக்கிறது. 10ஐ 9ஆல் வகுத்தால் மீதம் 1 என்பதால் பத்து, நூறு, ஆயிரம் எல்லாம் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. அதனால்தான் இலக்கங்களைக் கூட்டினாலே மீதம் கிடைத்துவிடுகிறது. 128ஐ 127ஆல் வகுத்தாலும் மீதம் 1. 2¹²⁷ஐ 2¹²⁷ − 1ஆல் வகுத்தாலும் மீதம் 1. இரண்டும் ஒரே கணிதம். அடியெண் மட்டுமே மாறியிருக்கிறது. தோட்டத்து அலுவலகத்தில் ரப்பர் பால் எடைக் கணக்கைச் சரிபார்த்த கையும், பிரான்சில் 39 இலக்க எண்ணோடு போராடிய கையும் செய்தது ஒன்றே என்பதை நான் அதற்கு முன் எங்கும் படித்ததில்லை.

லூக்காஸின் எண் கையால் எட்டக்கூடியதாக இருந்ததற்குக் காரணமும் இதுவே. 127 இரும இலக்கங்கள் கொண்ட எண்ணை வர்க்கம் எடுத்தால் அதிகமாகப் போனால் 254 இலக்கங்கள் வரும். மேலே உள்ள 127ஐ வெட்டி எடுத்துக் கீழே உள்ள 127ஓடு கூட்டிவிட்டால் மீதம் கிடைத்துவிடும். வகுத்தல் என்ற வேலையே இல்லை. கட்டங்கள் இட்ட பலகையில் காய்களை வைத்து இந்தப் பெருக்கலைச் செய்யும் முறையையும் லூக்காஸ் வகுத்தார். இப்படி 125 முறை வர்க்கம் எடுத்தால் வேலை முடிந்துவிடும். 80 கோடி ஆண்டுகளுக்கும் 125 வர்க்கங்களுக்கும் இடையிலுள்ள அந்தத் தொலைவுதான் செய்திகளில் இடம்பெற்றிருக்க வேண்டியது.

நாங்கள் பாதியில் விட்ட கணக்கைப் பேரன் முடித்தான். 48இன் வர்க்கம் 2304, இரண்டு போக 2302. அதில் 128 பதினேழு, மிச்சம் 126. கூட்டினால் 143, அதிலிருந்து 127 போனால் 16. 16இன் வர்க்கம் 256, இரண்டு போக 254. அது 127இன் இரு மடங்கு. மீதம் பூஜ்யம்.

பெரியவர் அதோடு விடவில்லை. ஒன்பதைத் தள்ளும் சோதனையை வாழ்நாள் முழுவதும் செய்தவருக்கு அதன் குறை நன்றாகத் தெரியும். 54 என்று எழுத வேண்டிய இடத்தில் 45 என்று எழுதிவிட்டால் அந்தச் சோதனை கண்டுகொள்ளாது. இரண்டுக்கும் கூட்டுத்தொகை ஒன்பதுதான். சோதனை சரி என்று சொல்லும், கணக்கோ தப்பாக இருக்கும். “இந்தப் பூஜ்யமும் அந்த மாதிரி தற்செயலாக வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். இதைவிடச் சரியான கேள்வியை இந்தச் சோதனையைப் பற்றி யாரும் கேட்க முடியாது என்றே இன்றும் நினைக்கிறேன். பல ஆண்டுகளாகப் பாடம் சொல்லித்தரும் எனக்கு, ஒரு விதியைப் பயன்படுத்துவதற்கும் அதை நம்புவதற்கும் இடையில் என்ன வேண்டும் என்பதை அந்தக் கேள்வி துல்லியமாகக் காட்டியது.

பூஜ்யம் ஏன் பொய் சொல்லாது

வர்க்கம் எடுத்து இரண்டைக் கழிப்பது என்ற விதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விடை தெரியும். ஐந்தின் வர்க்கமூலத்தோடு மூன்றைக் கூட்டி இரண்டால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அதையும் அதன் தலைகீழியையும் கூட்டினால் 3. இரண்டையும் தனித்தனியே வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 7. மீண்டும் வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 47. அதாவது 3, 7, 47 என்று நாம் எழுதிக்கொண்டு போவது, திரைக்குப் பின்னால் அந்த ஓர் எண்ணைத் திரும்பத் திரும்ப வர்க்கம் எடுப்பதன் நிழல். 125ஆம் முறையில் பூஜ்யம் வந்தால், அந்த எண்ணை 2¹²⁶ அடுக்குக்கு உயர்த்தும்போது −1 வருகிறது என்று பொருள். அப்படியானால் 2¹²⁷ அடுக்கில் 1 வரும். அதற்கு முன் ஒருபோதும் வராது. அதன் அடுக்குகள் சரியாக 2¹²⁷ வெவ்வேறு மதிப்புகளைக் கடந்த பிறகே தொடங்கிய இடத்துக்குத் திரும்புகின்றன.

இனி, 2¹²⁷ − 1க்குக் காரணி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றுள் மிகச் சிறியதை எடுத்தால், அதன் வர்க்கம் 2¹²⁷ − 1ஐத் தாண்டாது. முழு எண்ணுக்கு மீதம் பூஜ்யம் என்றால் அதன் காரணிக்கும் மீதம் பூஜ்யமே. ஆகவே இதே கணக்கை அந்தக் காரணியால் மீதம் எடுத்துச் செய்தாலும் அந்த 2¹²⁷ மதிப்புகளும் வெவ்வேறாகவே இருந்தாக வேண்டும். ஆனால் அங்கே ஒவ்வொரு மதிப்பும் இரண்டு மீதங்களால் ஆனது: ஐந்தின் வர்க்கமூலம் சேராத பகுதிக்கு ஒன்று, சேர்ந்த பகுதிக்கு ஒன்று. எனவே மொத்தம் இருக்கக்கூடிய மதிப்புகள் காரணியின் வர்க்கத்தளவே. அதிலும் பூஜ்யத்தைக் கழித்துவிட வேண்டும். அது 2¹²⁷ஐவிடக் குறைவு. அத்தனை வெவ்வேறு மதிப்புகளுக்கு அங்கே இடமே இல்லை. ஆகவே அப்படியொரு காரணியும் இல்லை. எந்த எண்ணாலும் வகுத்துப் பார்க்காமல், எல்லா எண்களையும் ஒரே வீச்சில் விலக்கிவிடுகிறது இந்த வாதம். பெரியவர் இதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். இரண்டாவது முறை, ‘இடம் போதாது’ என்ற இடத்தில் அவரே முந்திக்கொண்டு முடித்தார்.

பூஜ்யம் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை 2047இல் பார்த்தோம். ஒன்பது முறை செய்ய வேண்டும். 3, 7, 47, 160, 1034, 620, 1609, 1471 என்று போய், எட்டாவது முறையில் மறுபடியும் 160 வந்து நின்றது. மேற்கொண்டு எத்தனை முறை செய்தாலும் அதே ஐந்து எண்கள்தான் சுழன்று வரும். பூஜ்யம் ஒருநாளும் வராது. 2047 பகா எண் அன்று என்பது இதனால் உறுதி. ஆனால் இந்தக் கணக்கு முழுவதிலும் 23 என்றோ 89 என்றோ ஒரு சொல் இல்லை. காரணி இருக்கிறது என்று தெரிகிறது, காரணி எதுவென்று தெரியவில்லை. 2⁶⁷ − 1இன் கதி இதுதான். மெர்சேன் அதைப் பகா எண் என்று பட்டியலிட்டிருந்தார். அது பகா எண் அன்று என்று லூக்காஸ் 1876இல் காட்டினார். ஆனால் அதன் காரணிகள் எவை என்பது மேலும் 27 ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. 1903இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகைக்குச் சென்று, ஒரு பக்கம் 2⁶⁷ − 1ஐ 147,573,952,589,676,412,927 என்று விரித்து, மறுபக்கம் 193,707,721ஐயும் 761,838,257,287ஐயும் பெருக்கிக்காட்டி, ஒரு வார்த்தையும் பேசாமல் அமர்ந்தார் என்பார்கள். முதல் காரணியில் ஒன்றைக் கழித்து, 67இன் இரு மடங்கான 134ஆல் வகுத்துப் பார்க்கும்படி பேரனிடம் சொன்னேன். மீதமின்றி 1,445,580 வந்தது.

இந்த இடத்தில் ஒரு கருத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. தொடக்கப்பள்ளியில் பகா எண்களைக் கட்டம் போட்டு அடித்து அடித்துக் கண்டுபிடிக்கக் கற்றுத்தருகிறோம். அது தேவைதான். ஆனால் அதன் பிறகு இடைநிலைப்பள்ளி முடியும் வரையில் ஓர் எண் பகா எண்ணா என்று அறிய வேறு வழி எதுவும் சொல்வதில்லை; அதனால் வகுத்துப் பார்ப்பது ஒன்றே வழி என்ற எண்ணம் மாணவர் மனத்தில் இறுகிவிடுகிறது. லூக்காஸின் சோதனைக்கு வேண்டியவை வர்க்கமும் மீதமும் மட்டுமே. நான்காம் படிவ மாணவன் ஒருவனால் செய்யவும், செய்ததைப் புரிந்துகொள்ளவும் முடிகிறது என்பதைக் கண்ணால் கண்டபின், இதைத் தேர்வுக்கு வராத பாடம் என்று ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை. 41,024,320 இலக்க எண்ணையும் இறுதியாக உறுதிப்படுத்தியது இதே சோதனைதான். அங்கே 136,279,839 முறை வர்க்கம் எடுக்க வேண்டியிருந்தது. அதுவும், 3க்குப் பதிலாக 4இலிருந்து தொடங்குவதுமே வேறுபாடு.

பேரன் தாளில் 2, 3, 7, 127 என்று எழுதியிருந்தான். 2² − 1 என்பது 3. 2³ − 1 என்பது 7. 2⁷ − 1 என்பது 127. அடுத்தது லூக்காஸின் எண். ஐந்தும் பகா எண்கள். இந்தச் சங்கிலியை 1876லேயே கத்தலான் என்ற கணித அறிஞர் சுட்டிக்காட்டினார். ஆறாவது எண்ணைக் கண்டுபிடிக்க, லூக்காஸின் எண்ணையே அடுக்காக இரண்டின் மேல் ஏற்றி ஒன்றைக் கழிக்க வேண்டும். அதன் இலக்கங்களின் எண்ணிக்கை மட்டுமே 5 × 10³⁷ஐத் தாண்டும். அதை எழுதி வைக்க இடமில்லை என்பதால் லூக்காஸின் சோதனை இங்கே கைகொடுக்காது. அது பகா எண்ணா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. நடந்த தேடல்களில் காரணி எதுவும் கிடைக்கவும் இல்லை. ஆனால் யாரேனும் ஒரு காரணியைக் கையில் கொடுத்தால், அதைச் சரிபார்ப்பது எளிது: 2இல் தொடங்கி, அந்தக் காரணியால் மீதம் எடுத்துக்கொண்டே 127 முறை வர்க்கம் எடுத்து, முடிவில் மறுபடியும் 2 வருகிறதா என்று பார்த்தால் போதும். காரணி எந்த வடிவில் இருக்கும் என்பதும் தெரியும்: லூக்காஸின் எண்ணின் இரட்டைப்படை மடங்கோடு ஒன்றைக் கூட்டியது. பெரியவரும் பேரனும் வரிசையாக முயன்றார்கள். இரு மடங்கோடு ஒன்றைக் கூட்டினால் கடைசி இலக்கம் 5, அது போயிற்று. நான்கு மடங்கோடு ஒன்று, 8ஆல் வகுத்தால் மீதம் 5. ஆறு மடங்கோடு ஒன்று, மீதம் 3. இரண்டும் விதிப்படி விலகின. எட்டு மடங்கோடு ஒன்று 3ஆல் வகுபட்டது. பத்து மடங்கு எட்டுக்கான விதியைத் தாண்டிவிட்டதால், பெரியவர் அதைச் சிறிய பகா எண்களால் சோதிக்கப் புதிய தாள் கேட்டார்.